கைலித் துணியில் ஒரு கடற்கரைப் பை



தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பது நம் பகுதி அறக்கட்டளைகள் எல்லாம் செய்கிற உதவிதான். ஜகாத் நிதியிலிருந்து கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு மெஷின் கொடுப்போம், துஆ செய்வோம், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். ஒரு வருடம் கழித்து அதே வீட்டுக்குப் போனால், பல இடங்களில் மெஷின் மேல் பழைய போர்வை கிடக்கும். போர்வை மேல் பிள்ளைகளின் புத்தகப் பை இருக்கும். அந்தச் சகோதரிக்குத் தைக்கத் தெரியாது என்பதல்ல. ஜாக்கெட் தைக்கத் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நைட்டியும் சுடிதாரும் ரெடிமேடாகவே மலிவாகக் கிடைக்கின்றன. தைக்கத் தெரிந்தவருக்கு, எதைத் தைப்பது என்பதுதான் கேள்வி.

துணிப்பை தைக்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022ல் கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை வந்து விழும் இயந்திரத்தையும் வைத்தார்கள். ஊருக்கு அது நல்லது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஒரு மெஷினில் தைக்கும் சகோதரியால் 10 ரூபாய்க்குப் பை கொடுக்க முடியாது. துணி விலைகூட அதில் தேறாது. மஞ்சப்பையோடு போட்டி போடும் பையை அவர் தைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. காய்கறிக்கு மஞ்சப்பை போதும். அவர் தைப்பது, வாங்கியவர் பல வருடம் தோளில் மாட்டிக்கொண்டு போகிற, பார்த்தவர் "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிற பையாக இருக்க வேண்டும். அதற்கு வடிவமைப்பு வேண்டும். தையல் வகுப்புகளில் நாம் அதிகம் சொல்லித் தராத விஷயம் இதுதான்.

கடற்கரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்குப் போய்விட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைவுக்கு ஒரு பொருள் தேடுகிற சாலை அது. அங்கே கடல் படம் போட்ட பைகள் ஏராளமாகத் தொங்குகின்றன. பச்சை கலந்த நீலத்தில் ஒரு கடல், ஒரு நட்சத்திர மீன், ஒரு நங்கூரம். எந்த நாட்டுக் கடல் அது என்று கேட்டால் பதில் இல்லை. எங்கோ வரைந்த படத்தை எங்கோ அச்சடித்து இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். அதே படத்தை நாமும் அச்சடித்தால் அவர்கள் விலைக்குக் கீழே போக வேண்டியிருக்கும். நம் கடலுக்கென்று ஒரு துணி உண்டு. அது நம் வீட்டுக் கொடியிலேயே காய்கிறது.

கைலிக்குப் பெயர் கொடுத்த கடற்கரை

கட்டம் போட்ட கைலி வாங்கும்போது 'பாலயகாட்' என்று ஒரு பெயரைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து கடைக்குக் கடை மாறும். அது பழவேற்காட்டின் பெயர். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், பெரிய உப்பங்கழி ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி அதுதான். ஆங்கிலேயர் மதராஸுக்கு வருவதற்கு முன்பே, 1613ல், டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் பழவேற்காடுதான். அவர்கள் வந்தது துணிக்காக. இந்தக் கரையில் நெய்த துணியைக் கப்பலில் ஏற்றிக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வாங்கினார்கள். அந்தத் தீவுகளில் வெள்ளிக் காசைவிட நம் துணிக்கு மதிப்பு அதிகம்.

மலேசியாவில் வேலை பார்த்து வந்த உறவினர் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ஆண்கள் ஜும்ஆவுக்கும் வீட்டிலும் கட்டும் கட்டம் போட்ட சாரத்துக்குப் பெயர் 'காயின் பெலிக்காட்'. காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது பழவேற்காடு. நம் சபராளிகள் கொண்டுபோன துணி அங்கே ஊர்ப் பெயரோடு தங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு இந்த ஊர்ப் பெயரே ஒரு காலத்தில் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் இந்தக் கைக்குட்டையைப் பார்த்துத் தாங்களும் நெய்தார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்தக் காலத்துத் துணியின் சிவப்பும் கடலிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை. சாயவேர் என்ற சிறு செடியின் வேரிலிருந்து அந்தச் சிவப்பை எடுத்தார்கள். கடலோர மணலில், கிளிஞ்சல் பொடிந்து சுண்ணாம்பு கலந்த மண்ணில் வளர்ந்த வேருக்குச் சிவப்பு நன்றாக ஏறும். நீலம் அவுரியிலிருந்து வந்தது. இந்த இரண்டு நிறத்தையும் வெள்ளை நூலையும் வைத்துக்கொண்டுதான் பாவிலும் ஊடையிலும் கட்டம் பிடித்தார்கள். நூலுக்கே சாயம் ஏற்றி நெய்வதால் துணிக்கு முன் பக்கம், பின் பக்கம் கிடையாது. அச்சடித்த துணிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. பை தைக்கிறவருக்கு வசதியும்கூட.

இன்று பழவேற்காட்டுக்குப் போனால் தறியைவிட ஓலையைத்தான் பார்க்கலாம். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையைக் கிழித்துச் சாயம் ஏற்றி, வீட்டிலிருந்தபடியே கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். இப்போது 'பாலயகாட்' என்று விற்கும் கைலி அந்த ஊரில் நெய்தது அல்ல. ஊர்ப் பெயர் துணி வகையின் பெயராகிவிட்டது. பைக்குச் சீட்டு எழுதும்போது இது முக்கியம். அதைப் பிறகு சொல்கிறோம்.

நைஜீரியாவில் ஒரு பிளேடு

நம் கட்டத் துணி ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜீரியாவில், நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், கலபாரி என்ற மக்கள் வாழ்கிறார்கள். மதராஸ் கட்டத் துணி அவர்களுக்குக் குடும்ப கௌரவம்; பிறப்பு முதல் மையித்து வரை அது இல்லாமல் சடங்கு நடக்காது. ஆனால் வந்த துணியை அவர்கள் அப்படியே உடுத்துவதில்லை. அங்குள்ள பெண்கள் பிளேடும் ஊசியும் எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். கட்டத்தில் உள்ள சில நூல்களை மட்டும் அறுத்து உருவி எடுத்துவிடுவார்கள். வெள்ளை நூல் போன இடம் சல்லடை மாதிரி ஆகும். மிச்ச நிறங்கள் புதுக் கோலமாக எழுந்து நிற்கும். 'பெலெட்டே பிட்டே' என்று அதற்குப் பெயர். ஒரு இழையும் சேர்க்காமல், இருப்பதை எடுத்தே அவர்கள் ஒரு புதுத் துணியைச் செய்துவிட்டார்கள். அந்தத் துணியைக் கடையில் யாரும் வாங்க முடியாது. கையால்தான் செய்ய முடியும்.

எங்களுக்கு இதில் பெரிய பாடம் தெரிகிறது. கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் கைலியை, ஒரு பிளேடு செலவில், நம்மிடம் மட்டும் கிடைக்கும் துணியாக மாற்றலாம். நூல் உருவிய இடத்தைப் பாருங்கள், மீன் வலை போலவே இருக்கும். கடற்கரைப் பைக்கு இதைவிடப் பொருத்தமான வேலைப்பாடு எது?

உயிருள்ளவற்றின் உருவத்தைத் துணியில் போடுவதை நம் குடும்பங்கள் பல தவிர்க்கின்றன. எந்த அளவுக்கு அனுமதி என்பதில் உலமாக்களிடையே விவாதங்கள் உண்டு. அதற்குள் நாங்கள் போகவில்லை. கடலை வரைய மீன் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறோம். அலை இருக்கிறது, ஈர மணல் இருக்கிறது, வலை இருக்கிறது. மணல்மேட்டில் படரும் அடம்பங்கொடி இருக்கிறது. ஆட்டுக் குளம்பு போல் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. கோவளம் போகிறவர்கள் செருப்பில் மிதித்துக்கொண்டே போகிறோம், ஒரு நாள் நின்று பாருங்கள்.

நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது

நம் கரையில் கடல் ஒரே நீலமாக இருப்பதில்லை. அலை உடையும் இடத்தில் மணல் கலங்கித் தேநீர் நிறம். கொஞ்சம் தள்ளி மங்கிய பச்சை. அதற்கும் அப்பால்தான் கருநீலம். மழைக்காலத்தில் மொத்தமும் ஈயத் தட்டு மாதிரி சாம்பல். கடைக்குப் போகும்போது இந்த நிறங்களை மனதில் வைத்துக்கொண்டு கைலி பாருங்கள். கருநீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது ஒன்று, பச்சையும் பழுப்பும் ஒன்று, சாம்பலும் நீலமும் ஒன்று. இந்த மூன்று போதும், ஆரம்பத்தில் அதற்கு மேல் வேண்டாம். சிவப்பு தூக்கலான கைலி அழகாக இருக்கும், ஆனால் கடல் ஞாபகம் வராது. ரொம்பப் பெரிய கட்டமும் வேண்டாம். பையின் முன்பக்கத்தில் மூன்று நான்கு கட்டமாவது முழுதாகத் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நனைப்பது. ஒரு ஓரத்தை ஈரமாக்கி, வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி சாயம் விடும். 1960களில் அமெரிக்காவில் சாயம் விடும் மதராஸ் துணியையே நாகரிகம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறம் கலந்து மங்கும், அதுதான் அழகு என்றார்கள். சட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் பலித்தது. பைக்குப் பலிக்காது. மழையில் நனைந்த பை, ஒருவருடைய வெள்ளை ஜிப்பாவில் நீலக் கறை போட்டால் அவர் மறுபடி நம்மிடம் வரமாட்டார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்து அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். சாயம் விடும் துணியை நன்றாக அலசி, நிற்கும் வரை அலசி எடுங்கள். நிற்கவே இல்லை என்றால் அதைப் பைக்கு எடுக்காதீர்கள். வீட்டில் கட்டிக்கொள்ளலாம்.

வெட்டும் கணக்கு

மூட்டாத கைலி வாங்குங்கள். சாதாரணமாக 2 மீட்டர் நீளமும் 48 அங்குல அகலமும் இருக்கும். டேப் வைத்து அளந்துவிடுங்கள். நனைத்துக் காய்ந்த பிறகு நீளம் 76, அகலம் 46 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் ஒரு கைலியில் 4 பை வரும்.

கணக்கு இதுதான். ஒரு பையின் உடல் ஒரே துண்டு. அகலம் 17, நீளம் 37 அங்குலம். அடியில் மடிப்பு வரும், தையல் வராது. 37 நீளத்தில் இரண்டு, 17 அகலத்தில் இரண்டு என்று வைத்தால் 74க்கு 34 அங்குலத்தில் நான்கு பையின் உடலும் முடிந்துவிடும். மிச்சம் 12 அங்குல அகலத்தில் ஒரு நீளப் பட்டை நிற்கும். அதை 4 அங்குல அகலம், 25 அங்குல நீளமாக வெட்டினால் 9 துண்டு. 8 துண்டு கைப்பிடிகளுக்கு. ஒன்பதாவது துண்டை நான்காக வெட்டி வையுங்கள். அதில்தான் வலை வேலை.

மடிப்பை எங்கே போடுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடிமடிப்பு ஒரு கட்டத்தின் நட்டநடுவில் விழுமாறு வெட்டினால், பக்கத் தையல் போடும்போது முன்பக்கக் கட்டமும் பின்பக்கக் கட்டமும் தானாகவே கோடு சேரும். கைலிகளில் பெரும்பாலும் கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இது முடிகிறது. கட்டம் சேராத பை எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அவசரத்தில் தைத்த மாதிரி தெரியும். வாங்குகிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கையிலெடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

கைலி மெல்லிய துணி. தனியாகப் பாரம் தாங்காது. உள்ளே காடா துணி வேண்டும். காடா ரொம்பச் சுருங்கும், ஆகவே வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டவும். 36 அங்குல அகலக் காடா 2¾ மீட்டர் எடுத்தால் நான்கு பைக்கும் உள்துணி வந்து, கூடவே 17க்கு 13 அங்குலத்தில் நான்கு துண்டும் கிடைக்கும். அந்த நான்கு துண்டும் மணல். பையின் அடிமடிப்புக்கு மேல் வெளிப்பக்கமாக, நடுவாக வைத்து ஓரம் அரை அங்குலம் மடித்து ஒட்டுத் தையல் போடுங்கள். மடிப்புக்கு இருபுறமும் 6 அங்குலம் வரும். அதில் 2 அங்குலம் பையின் தரைக்குப் போய்விடும், 4 அங்குலம் முன்னாலும் பின்னாலும் தெரியும். மேலே கடல், கீழே கரை. காடாவின் இயற்கையான பழுப்பு வெள்ளைக்குச் சாயமே வேண்டாம், நம் கரை மணல் அந்த நிறம்தான். அதிகம் தேய்கிற அடிப்பாகத்துக்கு இது மூன்றாவது அடுக்காகவும் ஆகிவிடுகிறது. அழகுக்காக வைத்தது பலத்துக்கும் உதவினால் அந்தச் செலவு வீண் இல்லை.

உள்துணியைப் பொருத்துவதற்கு முன், மணல் துண்டின் மேல் கையால் நூலோட்டம் போடுங்கள். தடித்த வெள்ளை நூல், மூன்று வரி போதும். நேர்க்கோடாக வேண்டாம். அலை வந்து திரும்பும்போது மணலில் விட்டுப்போகும் நுரைக்கோடு எப்படி இருக்கும்? ஒன்று முன்னே வரும், ஒன்று பின்தங்கும், ஓரிடத்தில் ஒன்றையொன்று தொடும். அப்படி. ஸ்கேல் வைத்துப் போட்டால் அது கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஆகிவிடும். கை லேசாக ஆடினால் பரவாயில்லை, இங்கே அது குணம்.

பிறகு சாவிப் பை. 4க்கு 6 அங்குலத் துண்டில், ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் விட்டு, உள்ளே ஒரு சிறு சதுரத்தில் மட்டும் வெள்ளை நூல்களை ஊசியால் தூக்கிப் பிளேடால் அறுத்து உருவுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். ஓரத்து நூல் பிரியாமல் இருக்க, உருவுவதற்கு முன்பே சதுரத்தைச் சுற்றி ஒரு சின்னத் தையல் ஓட்டிவிடுங்கள். அடியில் காடா வைத்துத் தைத்தால் வலைக்குள் மணல் தெரியும். பாரமும் காடாவே தாங்கிக்கொள்ளும். பொறுமை வேண்டிய வேலை. முதல் தடவை நூல் சிக்கும், கோபம் வரும். மூன்றாவது துண்டில் கை பழகிவிடும்.

மீதித் தையல் தெரிந்ததுதான். பக்கத் தையலை உள்ளே மூடி இரட்டையாகப் போடுங்கள். அடிமுனைகளை முக்கோணமாக இழுத்து 4 அங்குலத்தில் தைத்தால் பை நிற்கும். வாயை ஒன்றரை அங்குலம் மடியுங்கள். கைப்பிடியை 4 அங்குலத் துண்டை நான்காக மடித்துத் தைத்து, பையில் பொருத்தும் இடத்தில் சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி போடுங்கள். ஊசி 16ஆம் நம்பர் வேண்டும். பை கிழிவது எப்போதும் கைப்பிடி மூட்டில்தான். துணி அப்படியே இருக்கும், கைப்பிடி கையோடு வந்துவிடும். தைத்த முதல் பையில் 5 கிலோ அரிசிப் பாக்கெட்டைப் போட்டு ஒரு இரவு ஆணியில் தொங்கவிடுங்கள்.

கூலியை முதலில் எழுதுங்கள்

விலை போடும்போது நம் சகோதரிகள் துணி, நூல் எல்லாவற்றையும் கணக்கில் எழுதுவார்கள். தங்கள் உழைப்பை மட்டும் எழுதமாட்டார்கள். "வீட்டில் சும்மாதானே இருந்தேன்" என்பார்கள். சும்மா இருக்கவில்லை. அந்த நேரத்துக்கு விலை உண்டு.

விலைவாசி மாறும், முறை புரிவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். கைலி 260 ரூபாய் என்றால் ஒரு பைக்கு 65. காடா மீட்டர் 60 என்றால் 165, ஒரு பைக்கு ஏறக்குறைய 41. நூல், ஊசி, சீட்டு, கரண்ட் எல்லாம் 9. மொத்தம் 115. கை பழகியவருக்கு வெட்டுவதிலிருந்து முடிப்பது வரை ஒன்றரை மணி நேரம் என்று வைத்து, மணிக்கு 60 ரூபாய் கூலி போட்டால் 90. ஆக 205. விற்காமல் தங்குவது, கறை பட்டது என்று 15 சேர்த்தால் 220. இதுதான் அடக்க விலை, இதற்குக் கீழே விற்றால் நாம் கைக்காசு போட்டு அடுத்தவருக்குப் பை கொடுக்கிறோம் என்று பொருள். நேராக விற்றால் 250 வைக்கலாம். கடையில் வைத்தால் கடைக்காரர் தன் பங்கைக் கேட்பார். விற்ற விலையில் 30 சதவீதம் அவருக்கு என்றால், 315 ரூபாய்க்கு விற்றால்தான் நம் 220 நமக்கு வரும்.

கணக்கைப் பார்த்தால் வேலைப்பாடு எங்கே அதிகமாகிறது என்பதும் தெரியும். நூலோட்டமும் வலையும் சேர்ந்து 20 நிமிடம் தாண்டக்கூடாது. அடம்பம்பூவை எம்பிராய்டரி செய்ய ஆசையாக இருக்கும்; ஒரு பூவுக்கு அரை மணி நேரம் போனால் விலையில் 30 ரூபாய் ஏறும். அதைக் கேட்டு வாங்குகிறவருக்கு மட்டும் செய்து கொடுங்கள்.

மொத்த ஆர்டரில் எச்சரிக்கை தேவை. நிக்காஹ் வீட்டில் 300 பை கேட்பார்கள், விலையைப் பாதியாக அடிப்பார்கள். அந்த ஆர்டருக்கு வலை வேலை வேண்டாம், உள்துணி வேண்டாம், சின்ன அளவில் நுரைக்கோடு மட்டும் போட்ட பை போதும். வேலை குறைந்தால் விலை குறையலாம், கூலி குறையக்கூடாது. துணிக்கான பணத்தை முன்பணமாக வாங்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். உறவினர் வீடு என்றாலும் அப்படித்தான். துணி வாங்க வட்டிக்குக் கடன் எடுக்கும் நிலை வந்தால், அதற்கு முன் ஜமாஅத்திலோ அறக்கட்டளையிலோ கர்ழன் ஹஸனா கேளுங்கள். மெஷினுக்குக் கொடுத்த அதே கவனத்தை முதல் பத்துக் கைலிக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஒரு சின்னத் தகவல் இங்கே பொருந்தும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில் அருகே உள்ள மீனவக் கிராமங்களின் பெண்களுக்கு 'உபாசனா' வடிவமைப்புக் கூடம் துண்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யப் பயிற்சி கொடுத்தது. 'சுனாமிகா' என்று அதற்குப் பெயர். விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள், நன்கொடையில் அந்தப் பெண்களுக்குக் கூலி போனது. அதே கூடம் பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற துணிப்பையையும் கொண்டுவந்தது. அழகான முயற்சி. ஆனால் நன்கொடையில் ஓடுவதற்குப் பின்னால் பெரிய அமைப்பு வேண்டும். தெருமுனையில் ஒரு மெஷினோடு இருப்பவருக்கு விற்பனைதான் கூலி.

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததை ஸதகா செய்தவர்கள் என்று ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். இறைத்தூதரின் வீட்டிலேயே கைத்தொழில் இருந்தது. நம் வீட்டில் ஒரு பெண் பை தைத்து விற்பதை யாராவது குறைவாகப் பேசினால், பதில் சொல்ல இது போதும்.

பைக்குள் ஒரு சீட்டு வையுங்கள். கையால் எழுதினாலும் சரி. என்ன துணி, எப்படித் துவைப்பது, எந்த ஊரில் தைத்தது என்று மூன்று வரி. தைத்தது மாடம்பாக்கம் என்றால் மாடம்பாக்கம் என்றே எழுதுங்கள். பழவேற்காட்டுக் கட்டத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லலாம், ஆனால் பழவேற்காட்டில் நெய்தது என்று எழுதக்கூடாது. விசைத்தறிக் கைலியைக் கைத்தறி என்றும் எழுதக்கூடாது. கைத்தறிதான் வேண்டும் என்று கேட்கிறவருக்குக் கோ-ஆப்டெக்ஸில் துணி எடுத்து, அதற்குத் தனி விலை போடுங்கள்.

வலை வேலை பிடிபடாமல் சிரமப்படுகிறவர்கள், 4க்கு 6 அங்குலத்தில் வெட்டிய கைலித் துண்டு ஒன்றையும் ஒரு புது பிளேடையும் எடுத்துக்கொண்டு தையல் வகுப்புக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே உருவிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். மதரஸா போகும் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் கிதாபும் வைக்கிற அளவில் ஒரு பை வேண்டும் என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். அதற்குக் கைப்பிடி தோளில் குறுக்காக மாட்டும் நீளம் வேண்டும். 25 அங்குலத் துண்டு இரண்டைச் சேர்த்தால் சரியாக வரும்.